கடிக்கிற லவ் பேர்ட்: நம் பக்கத்துத் தவறுகள்

எங்கள் வீட்டு மின்னியின் எடை சுமார் 50 கிராம். பச்சை உடம்பு, பீச் பழ நிறத்தில் முகம். வந்த முதல் மூன்று மாதம் அவளால் என் விரல்களில் காயம் இல்லாத நாளே கிடையாது. நம் ஊரில் பட்ஜெரிகர் என்ற நீளவால் குட்டிக் கிளியைத்தான் பலரும் லவ் பேர்ட்ஸ் என்கிறார்கள். நான் சொல்வது, கடைகளில் ‘ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கும் குட்டைவால் கிளியை. (மரப்பொந்திலிருந்து எடுத்துவரும் பச்சைக்கிளியை வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதைப் பழக்குவது பற்றி எழுத எனக்கு மனமும் இல்லை.)

‘இது கோபக்கார ஜாதி, இப்படித்தான் இருக்கும்’ என்று பலர் சொன்னார்கள். அது உண்மையில்லை என்று புரிய எனக்கு நாளாயிற்று. மின்னி கடித்ததற்கெல்லாம் காரணம் இருந்தது. அந்தக் காரணங்களில் பெரும்பாலானவை நான் செய்தவை.

கூண்டுக்குள் கையை விடுவது

என்னுடைய முதல் தவறு இதுதான். தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றக் கையை உள்ளே விடுவேன், பாய்ந்து வந்து கடிப்பாள். லவ் பேர்டுக்குக் கூண்டு என்பது அதன் பொந்து. அதிலும் பெட்டை, தன் இடத்தை ஆவேசமாகக் காக்கும். வெளியே தோளில் உட்கார்ந்து கொஞ்சும் அதே பறவை உள்ளே போனதும் ஆளே மாறிவிடும்.

கதவைத் திறந்து, அது தானாக வெளியே வரட்டும். விளையாடும் நேரத்தில் கிண்ணத்தை மாற்றுங்கள், அடித்தட்டைக் கழுவுங்கள். உள்ளே துரத்திப் பிடித்து வெளியே எடுப்பதை அடியோடு நிறுத்துங்கள். பருந்திடம் சிக்கிய பறவைக்கு என்ன தோன்றுமோ, மேலிருந்து வரும் கையைப் பார்க்கும்போது அதற்கும் அதுதான் தோன்றும்.

முன்னறிவிப்பைக் கவனிக்காமல் விடுவது

கிளி திடீரென்று கடித்ததாக நமக்குத் தோன்றும். அதற்கு முன்பே அது பலமுறை சொல்லியிருக்கும். இறகுகளை உடம்போடு ஒட்ட வைத்துக்கொள்ளும். ஒரு அடி பின்னால் நகரும். கழுத்தை நீட்டித் தலையைத் தாழ்த்தும், அலகைப் பாதி திறக்கும். இதில் ஒன்றைக் கண்டாலும் கையை அமைதியாகப் பின்னுக்கு எடுங்கள். இந்த மொழிக்கு மரியாதை கிடைக்காவிட்டால், சொல்லிப் பயனில்லை என்று அது கற்றுக்கொள்ளும். பிறகு எச்சரிக்கை எதுவும் இருக்காது, நேராகக் கடிதான்.

‘கடித்தாலும் கையை எடுக்காதே, எடுத்தால் அது ஜெயித்துவிடும்’ என்பது அடிக்கடி கேட்கும் அறிவுரை. நானும் அதன்படி நடந்து பார்த்தேன். மின்னி இன்னும் அழுத்திக் கடித்தாள். பயந்த உயிரைத் தப்ப விடாமல் நிறுத்தி வைத்தால் பழக்கம் வராது. கடி வாங்கும் அளவுக்கு நெருங்காமல் இருப்பதே சரியான வழி.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. விரலில் ஏறும் முன் கிளி அலகால் தொட்டுப் பார்க்கும். கிளை உறுதியாக இருக்கிறதா என்று சோதிக்கிறது, அவ்வளவுதான். அலகு அதற்கு மூன்றாவது கால். அந்த நேரத்தில் ‘கடிக்க வருகிறது’ என்று விரலை வெடுக்கென்று இழுத்தால் அது தடுமாறி விழும். அடுத்த முறை இறுகப் பற்றிக்கொள்ளும், நமக்கு அதுவும் வலிக்கும்.

கடித்தபின் நாம் செய்வது

கத்துவது, அலகில் சுண்டுவது, முகத்தில் ஊதுவது, தண்ணீர் தெளிப்பது, கையை உதறுவது: எதுவும் பயன் தராது. சில பறவைகளுக்கு நம் கூச்சலே விளையாட்டாகிவிடும். மற்றவற்றுக்குக் கையின் மீது பயம் கூடும், கடியும் கூடும். 50 கிராம் உயிரை உதறினால் எலும்பே முறியலாம்.

சத்தமில்லாமல் பக்கத்தில் இருக்கும் கொம்பில் இறக்கி விடுங்கள். பத்து விநாடி வேறு பக்கம் பாருங்கள். பிறகு அதற்குப் பழகிய, சுலபமான ஒன்றைச் செய்யச் சொல்லிப் பரிசு கொடுங்கள். தண்டனையாகக் கூண்டில் அடைக்க வேண்டாம். அது கூண்டுக்குப் போகத்தான் கடித்தது என்றால், கடித்தால் கேட்டது கிடைக்கும் என்று நாமே கற்றுக்கொடுத்ததாகும்.

‘இறக்கையை வெட்டிவிட்டால் அடங்கிவிடும்’ என்பது இன்னொரு அறிவுரை. பறக்க முடிந்தால் பிடிக்காத இடத்தை விட்டு அது விலகிப் போகும். அந்த வழியை அடைத்தால் மிஞ்சுவது அலகு ஒன்றுதான்.

மண் கலயமும் முதுகுத் தடவலும்

கூண்டு வாங்கும்போது சிறு மண் கலயத்தையும் சேர்த்துக் கொடுப்பார்கள். தூங்க வசதியாக இருக்கட்டும் என்று மாட்டுவோம். இருட்டான பொந்து கிடைத்ததும் உடம்பு முட்டையிடத் தயாராகிவிடும். காகிதத்தை நீள நீளமாகக் கிழித்து வாலுக்கு மேலுள்ள இறகுகளில் செருகிக்கொள்வதைப் பார்த்தால், கூடு கட்டும் எண்ணம் வந்துவிட்டது என்று பொருள். அந்த நாட்களில் யார் நெருங்கினாலும் கடிதான்.

கலயத்தை எடுத்துவிடுங்கள். கிழிக்கக் காகிதம் போடாதீர்கள். முதுகையும் வாலடியையும் தடவுவதை நிறுத்துங்கள். பறவைக்கு அது ஜோடியின் தொடுதல். தலையும் கழுத்தும் போதும். முட்டையிட்டுவிட்டால் உடனே எடுத்தெறிய வேண்டாம், ஈடுகட்ட மேலும் இடும். அதுவாகச் சலித்து விலகும்வரை விட்டுவிட்டு, சுண்ணாம்புச் சத்துக்குக் கடல்நுரை (கணவாய் மீனின் ஓடு) மாட்டி வையுங்கள்.

தூக்கமும் இதோடு சேர்ந்ததுதான். 10 முதல் 12 மணி நேர இருட்டும் அமைதியும் அதற்குத் தேவை. இரவு பதினொரு மணிவரை டிவி ஓடும் ஹாலில் கூண்டை வைத்திருந்தோம். அதை உள் அறைக்கு மாற்றிய இரண்டு வாரத்தில் காலைக் கடி பாதியாகக் குறைந்தது. தீபாவளி வெடிச் சத்தத்துக்குப் பிறகும், இறகு உதிர்ந்து புது முனைகள் முள்ளாக முளைக்கும்போதும் சில நாள் சிடுசிடுப்பாக இருக்கும். அப்போது தொடாமல் விட்டால் போதும்.

பரிசைக் கிண்ணத்திலேயே கொட்டிவிடுவது

மின்னியை மாற்றியது தினை. தினைப்புனத்தில் வள்ளி கிளி விரட்டிய கதை நமக்குத் தெரியும். அந்த ஆசை இன்றும் எந்தக் கிளிக்கும் போகவில்லை. நாள் முழுக்கக் கிண்ணத்தில் கிடக்கும் தானியத்துக்காக யாரும் நம் கையைத் தேடி வரமாட்டார்கள். அதனால் தினைக் கதிரைக் கையால் மட்டுமே கொடுத்தேன். முதலில் கம்பிக்கு வெளியிலிருந்து. பிறகு ஒரு குச்சியின் நுனியை அலகால் தொட்டால் ஒரு கொத்து. பிறகு குச்சி என் விரலுக்கு அருகில். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு தடவை, அவள் விலகினால் அன்றைக்கு அத்தோடு முடிந்தது. தானாக விரலில் ஏற ஏழு வாரமானது.

நோயைக் கோபமென்று நினைப்பது

நன்றாகப் பழகிய பறவை திடீரென்று கடிக்க ஆரம்பித்தால் முதலில் வலியைச் சந்தேகியுங்கள். பறவை நோயை மறைக்கும். உடம்பைப் புசுபுசுவென்று உப்பி உட்கார்வது, கூண்டின் தரையில் ஒடுங்குவது, மூச்சுக்கு மூச்சு வால் ஆடுவது, எச்சத்தின் நிறம் மாறுவது எல்லாம் அபாயக் குறிகள். சமையலறை மின்தராசில் வாரம் ஒருமுறை காலையில் எடை பாருங்கள். 5 கிராம் குறைந்தால்கூட அது உடம்பில் பத்தில் ஒரு பங்கு. பெட்டை வயிறு உப்பி முக்கிக்கொண்டிருந்தால் முட்டை சிக்கியிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பறவைகளைப் பார்க்கும் மருத்துவர் எல்லா ஊரிலும் கிடையாது. சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் உங்களுக்கு அருகில் எது, பறவையை எந்த நேரத்தில் பார்ப்பார்கள் என்பதை இன்றே விசாரித்து எழுதி வையுங்கள்.