ஒரே வீட்டை எழுதிக் கொடுக்கும் முன்: முதுமைக்குத் தயாராகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளைகளுக்குச் சொத்தை எப்படிப் பிரிப்பது என்றுதான் நம் வீடுகளில் பேச்சு தொடங்குகிறது. அதற்கும் முன்னால் பேச வேண்டியது ஒன்று உண்டு. கணவனும் மனைவியும் கடைசிவரை எந்த வீட்டில் இருக்கப் போகிறார்கள்? மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் யார் கையை எதிர்பார்க்கப் போகிறார்கள்? இதற்குப் பதில் தெரியாமல் பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போகக் கூடாது.

நான் பார்த்தவரையில் அதிகக் கண்ணீரை வரவழைப்பது, இருக்கும் ஒரே வீட்டை உயிரோடு இருக்கும்போதே செட்டில்மென்டாக, அதாவது பணம் வாங்காமல் பிள்ளைகளுக்கு மாற்றித் தரும் பத்திரமாக, எழுதிக் கொடுப்பதுதான். ‘உயில் என்றால் பின்னால் தகராறு வரும், இப்போதே எழுதிவிடுங்கள்’ என்று பிள்ளைகள் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் ஒத்து ஊதுவார். உயில், எழுதியவரின் காலத்துக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும். அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதே செல்லும். செட்டில்மென்ட் அப்படியல்ல. பத்திரம் பதிவாகி, பிள்ளை அதை ஏற்றுக்கொண்டதும் சொத்து கைமாறிவிடுகிறது. மனம் மாறினால் நீங்கள் மட்டும் தனியாகப் போய் ரத்து செய்துவிட முடியாது.

2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23ஆவது பிரிவு இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. 60 வயது கடந்தவர், ‘என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் கைவிட்டால், ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுத்து அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கலாம். சிக்கல் அந்த நிபந்தனையில்தான். நிபந்தனை இருந்தது என்று காட்ட முடியாவிட்டால் இந்தப் பிரிவு உதவாது என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இது முதியோரின் நலனுக்காக வந்த சட்டம், தாராளமாகவே பொருள்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில் சொன்னது. எழுபது வயதுக்கு மேல் இந்த வழக்குக்காக அலையும் நிலைமை யாருக்கும் வர வேண்டாம். கொடுத்தே ஆக வேண்டும் என்றால், ஆயுள்காலம் வரை நாங்கள் இருவரும் குடியிருப்போம், வாடகையும் எங்களுக்கே என்று பத்திரத்திலேயே எழுதுங்கள். சாப்பாடு, மருத்துவம் பார்க்காவிட்டால் பத்திரம் ரத்தாகும் என்ற வரியும் வேண்டும். ‘அன்பின் காரணமாக’ என்று மட்டும் எழுதி நிறுத்த விடாதீர்கள். ஒரே வீடு என்றால் கொடுக்கவே வேண்டாம், உயில் போதும் என்பதுதான் என் உறுதியான கருத்து.

அடுத்தது, ‘எனக்குப் பிறகு எல்லாம் அவளுக்குத்தானே’ என்ற நினைப்பு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் கணவர் இறந்தால் மனைவி, மகன், மகள், அவருடைய தாயார் எல்லோருக்கும் சமபங்கு. ஒரு மகன், ஒரு மகள், 85 வயது மாமியார் இருக்கிற வீட்டில், மனைவிக்கு வருவது கால் பங்குதான். பிறகு மாமியாரும் உயில் இல்லாமல் இறந்தால், மாமியாரின் கால் பங்கில் அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும் உரிமை வந்துவிடும். முப்பது வருடம் தவணை கட்டி வாங்கிய வீட்டை விற்க, அந்தம்மா கொழுந்தனார், நாத்தனாரிடமெல்லாம், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் கேட்டு நிற்க வேண்டியிருக்கும். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் யார் யார் வாரிசு என்று காட்டுமே தவிர, பங்குகளைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாது. இத்தனையையும் தடுக்க இரண்டு பக்க உயில் போதும்.

மனைவியும் தன் பெயரில் உள்ளதற்கு உயில் எழுத வேண்டும். குழந்தை இல்லாத விதவையின் சொந்தச் சம்பாத்தியம், உயில் இல்லாவிட்டால், அவரைப் பெற்றவர்களுக்கு முன்பாகக் கணவரின் வாரிசுகளுக்குப் போகும் என்பது பலருக்குத் தெரியாது.

நாமினி போட்டிருக்கிறோம், அது போதும் என்பதும் தவறு. நாமினி பொதுவாகப் பணத்தை வாங்கிக்கொள்ள உரிமை உள்ளவர், சொந்தக்காரர் அல்ல. ஷேர்களுக்கும் இதுதான் விதி என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆயுள் காப்பீட்டில் மட்டும், 2015 திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம். கல்யாணத்துக்கு முன் அண்ணன் பெயரைப் போட்ட பழைய டெபாசிட்டுகளை இன்றே எடுத்துப் பாருங்கள். 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு நாமினிகள் வரை வைக்கலாம்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை, ஆனால் செய்துவிடுவது நல்லது. கட்டாயம் வேண்டியது இரண்டு சாட்சிகள். நீங்கள் கையெழுத்துப் போடுவதைப் பார்த்து, உங்கள் முன்னிலையில் அவர்களும் போட வேண்டும். வழக்கு வந்தால் அவர்களில் ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே உங்கள் வயதுள்ள நண்பரைவிட இளையவரைத் தேர்ந்தெடுங்கள். சொத்து பெறப்போகிறவர் சாட்சி போடக் கூடாது. ஒரு சாட்சி உங்கள் டாக்டராக இருந்தால், ‘நினைவு சரியில்லாதபோது எழுதி வாங்கினார்கள்’ என்ற பேச்சுக்கு இடமிருக்காது. பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கைத்தான் எழுத முடியும், மகள்களுக்கும் அதில் பிறப்புரிமை உண்டு. முஸ்லிம்களுக்கு விதி வேறு: பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது.

சாவைப் பற்றியாவது பேசுகிறோம். சாகாமல் நினைவிழந்து கிடக்கும் காலத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மகனுக்குப் பவர் (தன் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) கொடுத்திருக்கிறேன் என்பார்கள். கொடுத்தவர் இறந்தால் பவர் முடிந்துவிடும். அவர் புத்தி சுவாதீனம் இழந்தாலும் சட்டப்படி முடிந்துவிடும். கோமாவில் இருந்த கணவரின் சொத்தை அவருடைய சிகிச்சைக்காக விற்க ஒரு மனைவி சென்னை உயர் நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. 2024இல்தான் அனுமதி கிடைத்தது. ஆறு மாதச் செலவுக்காவது போதுமான பணத்தை, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்கில் வைத்திருங்கள். மருத்துவக் காப்பீட்டு அட்டை எங்கே இருக்கிறது என்பது மனைவிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மீள முடியாத நிலையில் வென்டிலேட்டரில் வைத்திருக்க வேண்டுமா என்பதையும் இப்போதே எழுதி வைக்கலாம். 2018இல் உச்ச நீதிமன்றம் இதை அனுமதித்தது. 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னிலையில் கையெழுத்துப் போட்டால் போதும். உங்கள் சார்பில் முடிவெடுப்பவர் பெயரையும் அதில் குறிப்பிட்டு, அவரிடம் ஒரு பிரதி, குடும்ப டாக்டரிடம் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.