ஒரே கைப்பேசியில் வகுப்பு முழுவதன் விடையும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களின் தமிழ்ப்பள்ளியில் மாணவர் கையில் கைப்பேசி இருக்காது. மாணவர் காட்டும் அட்டைகளைக் கேமராவால் படித்து விடைகளைப் பதிவுசெய்யும் பிளிக்கர்ஸ் செயலிக்கு ஆசிரியரிடம் ஒன்று இருந்தாலே போதும். மாணவர் ஒவ்வொருவரும் ஓர் அட்டையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அட்டையின் நான்கு பக்கமும் ஏ, பி, சி, டி. எந்த எழுத்து மேலே நிற்கிறதோ அதுவே விடை. ஆளுக்கோர் எண், ஆளுக்கோர் வடிவம் என்பதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுவது எளிதல்ல.

அட்டைகளைப் பிளிக்கர்ஸ் தளத்திலிருந்தே இலவசமாக அச்சிடலாம். மை மங்கினால் கேமரா படிக்காது; கறுப்பு அடர்த்தியாக விழ வேண்டும். மணிலா அட்டையில் ஒட்டுங்கள், வெட்டும்போது வெள்ளை ஓரத்தை விட்டுவைங்கள். பளபளப்பான லேமினேட் வேண்டவே வேண்டாம், விளக்கொளி பட்டு வடிவம் மறைந்துவிடும். வருகைப் பதிவேட்டு எண்ணையே அட்டை எண்ணாக வையுங்கள். இரண்டு பிள்ளைகள் அட்டையை மாற்றிக்கொண்டால் ஒருவர் விடை மற்றவர் பெயரில் பதிவாகும்.

உண்மையான வேலை கேள்வி தயாரிப்பதில்தான். ஐந்து கேள்வி போதும், ஆனால் தவறான விடை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட பிழையைக் காட்ட வேண்டும். 1/2 + 1/4 என்று கேட்டால் சரியான விடை 3/4. 2/6 என்று காட்டும் பிள்ளை மேலெண்ணையும் கீழெண்ணையும் தனித்தனியே கூட்டியிருக்கிறது. 2/4 காட்டும் பிள்ளை கீழெண்ணைச் சமமாக்க வேண்டும் என்று அறிந்தும், மேலெண்ணை மாற்ற மறந்திருக்கிறது. இரண்டும் தவறுதான், ஆனால் இருவருக்கும் வேண்டிய விளக்கம் வேறு. வாய்க்கு வந்த எண்களை இட்டு நிரப்பினால் யார் தவறு என்று தெரியும், ஏன் என்று தெரியாது.

கைப்பேசிக்கு இணைய லைன் கிடைக்கிறதா என்று வகுப்பறையில் நின்றே முதல்நாள் பார்த்துவிடுங்கள், அலுவலகத்தில் கிடைப்பது பின்கட்டடத்தில் கிடைக்காது. புரொஜெக்டர் இல்லையென்றால் கேள்வியை வெண்பலகையில் எழுதலாம். இணையம் கைப்பேசிக்கு இருந்தால் சரி.

கேமராவால் அட்டைகளைப் படிக்கும்போது ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். பிள்ளைகளுக்குப் பின்னால் வெளிச்சம் இருந்தால் அட்டைகள் இருண்டுபோகும். விரல் கறுப்புப் பகுதியை மறைக்கக் கூடாது, பின்வரிசை அட்டையை நெஞ்சுக்கு மேலே உயர்த்த வேண்டும். கேமராவை இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்துங்கள். விடுபட்ட பெயர்கள் திரையில் தெரியும், அவர்களை மட்டும் திரும்பப் பிடிக்கச் சொல்லுங்கள்.

அறிக்கையைப் பார்த்து அதே பாடவேளையில் குழு பிரியுங்கள்: 2/6 காட்டியவர்கள் உங்கள் மேசையருகே, 2/4 காட்டியவர்கள் காகிதத்தை மடித்துப் பின்னம் பார்க்கட்டும், மற்றவர்களுக்குப் பயிற்சித்தாள். மறுநாள் அதே பிழையைத் தொடும் இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள். அட்டைகளை எண் வரிசையில் எண்ணி வாங்குங்கள். ஒன்று தொலைந்தால் அந்த எண்ணை மட்டும் மறுபடி அச்சிடலாம்.