தாம்-தாமுக்கு மேளத்தோடு போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் மொன்றியலில் கோடைகால ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் 80ஆம் இலக்க பஸ்ஸில் பார்க் அவென்யூ பக்கம் போனால், இறங்க வேண்டிய இடத்தை மேளச் சத்தமே சொல்லிவிடும். மவுண்ட் றோயல் அடிவாரத்தில் கார்ட்டியே நினைவுச்சின்னம். உச்சியில் சிறகு விரித்த உருவம், கீழே சிங்கங்கள். 1970களின் இறுதியிலிருந்து அதைச் சுற்றித்தான் 'தாம்-தாம்' என்ற மேள வட்டம் கூடுகிறது. மேடை இல்லை, நடத்துநர் இல்லை, முன்கூட்டியே பேசி வைத்த தாளமும் இல்லை. ஜெம்பே, காங்கா, தர்புகா என்று கையால் அடிக்கும் மேளங்களில் கையில் இருப்பதைக் கொண்டுபோய் யாரும் உட்காரலாம். பிழை விட்டால் திருத்த ஒருவரும் வரமாட்டார்கள். பக்கத்தில் இருப்பவர் மெல்ல எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுவார், அவ்வளவுதான்.

என் பக்கத்தில் இருந்தவரும் ஒருநாள் அப்படித்தான் போனார். சின்ன வயதில் மிருதங்கம் படித்த தைரியத்தில் இரவல் ஜெம்பேயோடு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் வாசித்து, முத்தாய்ப்புக் கணக்கான ஒரு கோர்வையை எடுத்து, மூன்று முறை அடித்து, சரியாகச் சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், வந்து இறங்கி நிமிர்ந்து பார்த்தேன். ஒரு தலைகூட ஆடவில்லை. துனுன் என்ற அடித்தொனி மேளத்தை அடித்துக்கொண்டிருந்த பெண் தன்பாட்டில் அடித்துக்கொண்டிருந்தார். காங்காவோடு எதிரே இருந்த நம்மூர்ப் பொடியன் ஒருவன் மட்டும் கேட்டான்: "அண்ணை, நீங்கள் ஆரோட சேர்ந்து வாசிக்கிறியள்?"

கர்நாடக இசை படித்தவர்கள் இங்கே விடும் முதல் தவறு இதுதான். கச்சேரியில் மிருதங்கம் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனம் நடக்கும்போது பாடகர் தாளம் போடுவார். சபையில் பாதிப்பேர் தொடையில் தட்டிக்கொண்டிருப்பார்கள். சமம் எங்கே என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் கோர்வை வந்து விழுகிற இடத்தில் ஆரவாரம் எழுகிறது. இந்த வட்டத்தில் அப்படிப் பொதுவான சமம் கிடையாது. மணி அடிப்பவருக்கு ஓர் அடி தொடக்கமாகக் கேட்கும், துனுன்காரருக்கு வேறோர் அடி. நான் எண்ணிய கணக்கு என் ஒருவனிடம்தான் இருந்தது. யாழ்ப்பாணத்துக் கோயில் திருவிழாக்களில் தவில் சமா கேட்டவர்களுக்கு இதைவிட நல்ல முன்மாதிரி தெரிந்திருக்கும்: ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் காத்திருந்து, அவர் விட்ட சொல்லை, அதாவது தாளத் துணுக்கை, எடுத்துத் திருப்பிக் கொடுப்பார். கணக்கை வீட்டில் வைத்துவிட்டு அந்தப் பழக்கத்தை மட்டும் கொண்டுவாருங்கள். இரண்டு அல்லது நான்கு அடிக்குள் அடங்கும் ஒரு சின்னச் சொல் போதும். அதை மாற்றாமல் ஏழெட்டுச் சுற்றுத் திருப்பி வாசியுங்கள். அப்போதுதான் எதிரே இருப்பவருக்கு அது பிடிபடும், பதில் சொல்ல வரும். ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக ஏதாவது செய்தால் யாரும் உங்களைப் பிடிக்க முடியாது.

உட்கார்ந்த உடனே கையை வைப்பது அடுத்த தவறு. முதலில் வட்டத்தின் அடித்தொனியைத் தேடுங்கள். அநேகமாக அது துனுனாக இருக்கும்: இருபுறமும் மாட்டுத்தோல் கட்டி, கம்பால் அடிக்கும் பீப்பாய் மேளம். துன்துன்பா, சங்பான், கென்கெனி என்று மூன்று அளவில் வரும். அதோடு கால் தானாகத் தட்டத் தொடங்கும்வரை மேளத்தைத் தொடாமல் இருங்கள். இன்னொரு பொறியும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்கத் தாளங்கள் பல பன்னிரண்டு துடிப்பில் ஓடுபவை. நமக்குத் திஸ்ரம், மும்மூன்றாக எண்ணும் நடை, என்றால் விளங்கிவிடும். அது தெரியாமல் பலமாக நான்கு நான்காக இடித்தால் வட்டம் முழுவதும் தடுமாறும். சந்தேகம் வந்தால் மேளக்காரர்களைப் பார்க்காதீர்கள், நடுவில் ஆடுபவர்களின் காலைப் பாருங்கள்.

சத்தம் கூடும்போது வேகமும் கூடிவிடுகிறது. இதில் எல்லோருக்கும் பங்கு உண்டு. உற்சாகம் ஏறி ஒருவர் ஓங்கி அடிப்பார். தன் அடி தனக்கே கேட்கவில்லை என்று பக்கத்தவர் இன்னும் ஓங்குவார். பத்து நிமிடத்தில் எல்லோரும் ஓடிக்கொண்டிருப்பார்கள், துனுன்காரரின் கை மரத்துப்போயிருக்கும். அதை அதட்டி நிறுத்த முடியாது. உங்கள் அடியைப் பாதியாகக் குறையுங்கள், வேகத்தை மட்டும் விடாதீர்கள். இரண்டு ஆள் தள்ளி இருப்பவரின் மேளம் உங்கள் காதில் விழுகிறதா என்பதுதான் நான் வைத்திருக்கும் அளவு. விழவில்லையென்றால் நான் அளவுக்கு மீறி ஓங்கி அடிக்கிறேன் என்று அர்த்தம். மாட்டு மணியும் கிலுக்கும் வைத்திருப்பவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். சின்னக் கருவிதானே என்று குழந்தைகளிடம் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் அந்த மணி வழுக்கினால் முழு வட்டமும் வழுக்கும்.

மோதிரத்தையும் காப்பையும் கழற்றி வையுங்கள். ஜெம்பேயின் ஆட்டுத்தோல் கிழியும், விரலும் வீங்கும். அடுத்தவர் மேளத்தைக் கேட்காமல் தொடாதீர்கள். ஜெம்பேயில் கம்பு படவே கூடாது. வெயிலில் தோல் இறுகித் தொனி ஏறும், ஈரக்காற்றில் தொய்ந்து மந்தமாகும். மத்தியானம் அழகாகப் பேசிய மேளம் பின்னேரம் பேசாவிட்டால் குறை உங்கள் கையில் இல்லை. கண்ணாடி மூடிய காருக்குள் அதை வெயிலில் விட்டுப் போனால் மட்டும் குறை உங்களுடையது: திரும்பி வரும்போது தோல் வெடித்திருக்கலாம்.

உடம்பைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை. மணிக்கணக்காக வெறுங்கையால் ஓங்கி அடித்தால் உள்ளங்கையில் சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீர் கறுத்துப் போவது மருத்துவர்கள் பதிவு செய்த விடயம். அப்படி நிறம் மாறினால் வைத்தியரிடம் போங்கள். காதுக்கும் ஓர் எல்லை உண்டு. 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம், 100 டெசிபலில் 15 நிமிடம் என்பது அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு. பக்கத்தில் ஜெம்பே முழங்கும்போது 100ஐத் தாண்டுவது பெரிய விடயமல்ல. காதடைப்பான் போட்டால் வெட்கமில்லை. உண்மையில் அடித்தொனி இன்னும் வடிவாகக் கேட்கும்.

கடைசியாக, முடிகிற இடம். இங்கே தாளம் வெட்டென்று நிற்பதில்லை. ஒருவர் தண்ணீர் குடிக்கக் கையை எடுப்பார், இன்னொருவர் கயிறு இறுக்குவார், அடி மெலிந்துகொண்டே போகும். அந்த நேரத்தில் பதற்றப்பட்டு உடனே புதுத் தாளம் ஒன்றை அடித்துத் தொடங்கும் ஆள் எல்லா ஞாயிறும் ஒருவர் இருப்பார். நானும் இருந்திருக்கிறேன். இப்போது கையைத் தொடையில் வைத்துக்கொண்டு இருந்துவிடுகிறேன். ஓசை முழுதாய் அடங்கினால் தெருவுக்கு அந்தப் பக்கம் ழான்-மான்ஸ் பூங்காவில் பந்து விளையாடுகிறவர்கள் கத்துவது கேட்கும், 80ஆம் இலக்க பஸ் நின்று புறப்படுவது கேட்கும். பிறகு எங்கேயோ படியில் ஒரு மணி தட்டும்.