கதிரியக்க மண்ணை உழுதுவிடாதீர்கள்

பழைய அணுசக்தித் தளங்களில் மண்ணைச் சுத்தம் செய்யும் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நன்றாகப் படித்தவர்கள், கையில் நல்ல கருவிகளும் இருக்கின்றன. ஆனாலும் எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகள்தான் திரும்ப நடக்கின்றன. முகக்கவசம், உடலில் பட்ட கதிர்வீச்சை அளக்கும் டோசிமீட்டர், வெளியே வரும்போது காலணியை அளப்பது ஆகியவற்றையெல்லாம் முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

இயல்பு அளவை எடுக்காமல் தொடங்குவது

எந்த மண்ணிலும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40 இயற்கையாகவே கொஞ்சம் உண்டு. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருமணல்மேல் கதிர்வீச்சை எண்ணும் டிடெக்டரைப் பிடித்தால் எண்ணிக்கை எகிறும். அங்கே எந்த உலையும் கசியவில்லை, மோனசைட் மணலில் உள்ள தோரியம்தான் காரணம். ஆகவே தளத்துக்கு வெளியே, மாசுபடாத, அதே வகை மண் உள்ள ஓர் இடத்தை முதலில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் எங்கே தோண்டுவதை நிறுத்த வேண்டும் என்பதே தெரியாது.

மழை பெய்த மறுநாள் ஆல்பா அளவீடு

வேண்டாம். ஆல்பா என்பது புளுட்டோனியம் போன்றவை வெளியிடும், எளிதில் தடைபடும் துகள். மண்ணின் ஈரமே அதை மறைத்துவிடும்.

மண்ணைக் கலப்பது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் யாராவது இதைச் செய்தால் எனக்குக் கோபம் வருகிறது.

காற்றில் வந்து படிந்த புளுட்டோனியமும் சீசியமும், யாரும் கிளறாத நிலத்தில் பெரும்பாலும் மேலே சில சென்டிமீட்டருக்குள்ளேயே பல ஆண்டுகள் தங்கிவிடும். இந்த வேலையில் நமக்குக் கிடைக்கும் ஒரே சலுகை அதுதான். 3 செ.மீ. ஆழத்துக்குள் இருந்ததை உழுது 30 செ.மீ. வரை கலந்துவிட்டால், அள்ள வேண்டிய மண் 10 மடங்காகிவிடும். மாசு ஒரு துளிகூடக் குறைந்திருக்காது. ஆனால் கருவி குறைத்துக் காட்டும், ஏனென்றால் ஆல்பா துகள் காற்றிலேயே சில சென்டிமீட்டர்தான் போகும். மேலே மெல்லிய மண் படலம் விழுந்தாலே அடங்கிவிடும். அந்தக் குறைந்த எண்ணைப் பார்த்துவிட்டு 'சுத்தமாகிவிட்டது' என்று அறிக்கை எழுதுகிறார்கள்.

தென் ஆஸ்திரேலியாவின் மராலிங்காவில் நடந்ததைப் பாருங்கள். பிரிட்டன் அங்கே 1956, 1957 ஆண்டுகளில் 7 அணுகுண்டுகளை வெடித்தது. ஆனால் அந்த மண்ணை அதைவிட அதிகமாகக் கெடுத்தவை, 'சிறு சோதனைகள்' என்று பெயர் வைத்து 1960 முதல் 1963 வரை தரானாக்கி என்ற இடத்தில் நடத்தியவைதான். அவற்றில் சுமார் 22 கிலோ புளுட்டோனியம் வெடிமருந்தால் சிதறடிக்கப்பட்டது. கிளம்பும் முன், 1967இல், 'ஆபரேஷன் பிரம்பி' என்ற பெயரில் ஒரு துப்புரவு நடத்தினார்கள். மேல்மண்ணை உழுது கலந்தார்கள். குப்பைகளைக் குழிகளில் போட்டுக் கான்கிரீட்டால் மூடினார்கள். 1968இல் பிரிட்டனின் பொறுப்பு முடிந்தது என்று ஒப்பந்தமும் ஆனது.

1984இல் ஆஸ்திரேலியக் கதிரியக்க ஆய்வகத்தார் போய் அளந்தபோது, நிலைமை பழைய அறிக்கை சொன்னதைவிட மிக மோசமாக இருந்தது. புளுட்டோனியம் ஒட்டிய உலோகத் துண்டுகள் தரையிலேயே கிடந்தன. அரசு அமைத்த விசாரணைக் குழுவான ராயல் கமிஷன் விசாரித்தது. பிரிட்டன் 1993இல் 2 கோடி பவுண்டு தர ஒப்புக்கொண்டது. 1996 முதல் 2000 வரை மறுபடியும் முழு வேலை. சுமார் 3.5 லட்சம் கன மீட்டர் மண்ணைச் சுரண்டி எடுத்துப் பெரிய பள்ளத்தில் புதைத்தார்கள். செலவு சுமார் 10.8 கோடி ஆஸ்திரேலிய டாலர். முதல் முறையே கலக்காமல் மேல்மண்ணை மட்டும் சீவி எடுத்திருந்தால், இவ்வளவு மண்ணைத் தொட வேண்டியிருந்திருக்காது. புளுட்டோனியம்-239இன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், 24,100 ஆண்டுகள். காத்திருந்து சமாளிக்கிற பொருள் அல்ல அது.

இவ்வளவும் புத்தகத்தில் இருக்கிறது. இருந்தும் நான் வேலை பார்த்த ஒரு தளத்தில் ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர், மண் மாதிரியின் கதிரியக்கம் அனுமதித்த வரம்பைக் கொஞ்சம் தாண்டியது என்று தெரிந்ததும், பக்கத்து நல்ல மண்ணை கிரேடரால் இழுத்துக் கலக்கச் சொல்லிவிட்டார். "கலந்தா லிமிட்டுக்குக் கீழ வந்துடும் சார்" என்றார். வீட்டு முற்றம் அளவே இருந்த திட்டு அது. ஒரு காலையில் முடிந்திருக்க வேண்டிய வேலை, மறுபடி சர்வே, மறுபடி மாதிரி, மறுபடி லாரி என்று வாரக்கணக்கில் இழுத்தது. பக்கத்தில் நின்ற இளம் பொறியாளருக்கு அது தப்பு என்று தெரிந்திருந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லத்தான் தயங்கினார். தம்பி, தங்கச்சி, நிறுத்தச் சொல்லுங்கள். அந்த அதிகாரம் உங்களுக்கு உண்டு.

உழுவதே எப்போதும் தவறு என்று சொல்லவில்லை. ஜப்பானின் ஃபுகுஷிமாவில், அணு உலை விபத்துக்குப் பிறகு, மாசு குறைவாக இருந்த வயல்களில், மேல்மண்ணை அடியிலும் அடிமண்ணை மேலேயும் போகும்படி ஆழமாகப் புரட்டினார்கள். அங்கே இருந்தது பெரும்பாலும் சீசியம். சீசியம்-137இன் அரை ஆயுள் சுமார் 30 ஆண்டுகள், அது களிமண்ணோடு இறுகப் பிடித்துக்கொள்ளும், மேலே உள்ள மண் அதன் காமா கதிரைத் தடுக்கும். அளந்து, கணக்குப் போட்டு, எழுதி வைத்துச் செய்த வேலை. எண்ணைக் குறைப்பதற்காகக் கிளறுவது வேறு.

சராசரியை நம்புவது

சிதறிய புளுட்டோனியம் துகளாகவும் துண்டாகவும் கிடக்கும். ஒரு ஹெக்டேருக்குச் சராசரி சரியாக வந்தாலும், குழந்தை கையில் எடுக்கும் துண்டு சராசரியாக இருக்காது. புளுட்டோனியத்தோடு சேர்ந்தே இருக்கும் அமெரிசியம்-241 வெளியிடும் 60 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமாவைப் பிடிக்கும் டிடெக்டரோடு, வரிசை வரிசையாக நடந்து பாருங்கள். வேறு குறுக்கு வழி கிடையாது.

யார் வாழப்போகிறார்கள் என்று கேட்காதது

ஷூ போட்டு, சிமெண்டுத் தரையில் வாழ்கிற ஒருவரை வைத்துக் கணக்குப் போட்டால் எல்லா இடமும் பாதுகாப்பாகத்தான் தெரியும். மராலிங்கா நிலம் அங்கே வாழ்ந்த பழங்குடி மக்களுடையது. அவர்கள் வெளியே முகாமிடும்போது மண்ணில் உட்கார்ந்து, மண்ணில் சமைத்து, மண்ணில் தூங்குவார்கள். குழந்தைகள் புழுதியில் விளையாடும். அந்தப் புழுதியை மூச்சில் இழுப்பதுதான் முக்கிய ஆபத்து. இரண்டாவது துப்புரவுக்கு முன்புதான் அவர்களுடைய வாழ்க்கை முறையை அருகிலிருந்து ஆராய்ந்து, அதை வைத்து வரம்பு போட்டார்கள். அதன் பிறகும் ஒரு பகுதியில் வேட்டையாடலாம், கடந்து போகலாம், நிரந்தரமாகக் குடியிருக்கக் கூடாது என்று எல்லைப் பலகை வைக்க வேண்டியிருந்தது. கணக்கைத் தொடங்கும் முன் அந்த ஊர்ப் பெரியவர்களிடம் போய் உட்கார்ந்து கேளுங்கள்.

தண்ணீர் லாரி வருமுன் ஜேசிபியை இயக்குவது

கூடவே கூடாது. தண்ணீர் தெளிக்காமல் தோண்டினால் மாசுபட்ட புழுதி கிளம்பும். காற்று அடித்தால் தண்ணீர் இருந்தாலும் நிறுத்துங்கள்.

புதைத்ததைப் பதிவு செய்யாதது

தரானாக்கிக் குழிகளில் சிலவற்றை மின்சாரத்தால் உருக்கிக் கண்ணாடியாக்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோது, 1999 மார்ச்சில் ஒரு குழியில் வெடிப்பு ஏற்பட்டது. அந்த முறையையே கைவிட்டு, மீதிக் குழிகளைத் தோண்டி வேறு இடத்தில் புதைத்தார்கள். குழிக்குள் என்னென்ன இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாமல் வேலை செய்வதைவிட ஆபத்தானது இந்தத் தொழிலில் இல்லை. ஆகவே எதை, எங்கே, எவ்வளவு ஆழத்தில் போட்டீர்கள் என்பதை ஆயத்தொலைவோடும் படத்தோடும் அன்றன்றைக்கே எழுதுங்கள். நாளைக்கு எழுதலாம் என்றால், அதற்குள் அதன்மேல் அடுத்த லாரி கொட்டியிருக்கும்.