ப்ளூஸ் வழியாக ஜாஸுக்குள் நுழைவது எப்படி?

ஜாஸ் கேட்க ஆசைப்படுகிறவர்களுக்கு எல்லோரும் முதலில் சொல்வது மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தைத்தான். அருமையான ஆல்பம், சந்தேகமே இல்லை. ஆனாலும் அதைக் கடைசியில் கேளுங்கள் என்பேன். அதற்கு முன், அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டு வடிவமான ப்ளூஸில் இரண்டு பதிவுகளைக் கேட்டுவிட்டால், அதில் வாத்தியங்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கின்றன என்பது பிடிபட்டுவிடும். ஹெட்ஃபோன் வேண்டும், போன் ஸ்பீக்கரில் பேஸ் சரியாகக் கேட்காது.

முதல் படி: கேள்வியும் பதிலும்

ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித் 1925 ஜனவரியில் நியூயார்க்கில் பாடிய 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். கூட வாசிப்பது இரண்டே பேர்: கார்னெட்டில் (ட்ரம்பெட் போன்ற ஊதுவாத்தியம்) லூயி ஆம்ஸ்ட்ராங், ஹார்மோனியத்தில் ஃப்ரெட் லாங்ஷா. ட்ரம்ஸ் கிடையாது. பழைய பதிவு என்பதால் இரைச்சல் இருக்கும், சீக்கிரமே காது பழகிவிடும்.

முதல் தடவை குரலை மட்டும் கேளுங்கள். ஒரு வரி பாடுகிறார், அதையே திரும்பப் பாடுகிறார், மூன்றாவது வரியில் முடிக்கிறார். அடுத்த தடவை, ஒவ்வொரு வரியும் முடிகிற இடத்தில் கார்னெட்டைக் கவனியுங்கள். பெஸ்ஸி விட்ட இடத்தில் ஆம்ஸ்ட்ராங் பதில் சொல்கிறார். சில இடங்களில் ஆறுதல் சொல்வதுபோல, சில இடங்களில் கூடவே அழுவதுபோல. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பின மக்கள் வேலைப் பாட்டு பாடிய முறை இது. ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பதில் பாடுவார்கள். ப்ளூஸின் உயிர் இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். நடுவில் மெட்டு மாறும், அதைப் பற்றி இப்போது கவலை வேண்டாம். பதில்கள் தானாகக் காதில் விழும்வரை இந்தப் பதிவை விட்டு நகராதீர்கள்.

இரண்டாம் படி: ஒரே ஆள், இரண்டு குரல்

பி.பி. கிங்கின் 'லைவ் அட் த ரீகல்', 1964 நவம்பரில் சிகாகோ மேடையில் பதிவானது. அதில் 'ஸ்வீட் லிட்டில் ஏஞ்சல்' கேளுங்கள். கேள்வி கேட்பவரும் பதில் சொல்பவரும் இங்கே ஒருவரே. குரல் ஓய்ந்ததும் கிட்டார் பேசும், உடனே அரங்கமே கூச்சலிட்டுச் சேர்ந்துகொள்ளும்.

மூன்றாம் படி: பன்னிரண்டை எண்ணுவது

இனி மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. முதலில் 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்', ஏனென்றால் அதுவும் ப்ளூஸ்தான். ப்ளூஸின் ஒரு சுற்று பெரும்பாலும் 12 பார் (தாளக் கட்டம்); பாருக்கு 4 தட்டு, ஆக 48. ஆதி தாளம் போடத் தெரிந்தவர்களுக்கு இது சுலபம். தட்டுக்கு ஒரு அட்சரம் வைத்தால் ஆறு ஆவர்த்தனத்தில் ஒரு சுற்று முடியும். பெஸ்ஸி பாடிய மூன்று வரி அமைப்பும் இதேதான், வரிக்கு இரண்டு ஆவர்த்தனம்.

தட்டு தவறினால் பால் சேம்பர்ஸின் பேஸை (கனத்த ஒலியுள்ள பெரிய தந்தி வாத்தியம்) பிடித்துக்கொள்ளுங்கள். தொடக்க மெட்டு இரண்டு சுற்று. அப்புறம் பியானோவில் விண்டன் கெல்லி, ட்ரம்பெட்டில் டேவிஸ், டெனர் சாக்ஸஃபோனில் ஜான் கோல்ட்ரேன், ஆல்ட்டோ சாக்ஸில் கேனன்பால் ஆடர்லி என ஒவ்வொருவராக வருவார்கள். ஆள் மாறினாலும் சுற்று மாறாது.

நான்காம் படி: 'ஸோ வாட்'

இதுவும் 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்' போலவே 1959 மார்ச் 2-ஆம் தேதி, ஒரு காலத்தில் தேவாலயமாக இருந்த அதே நியூயார்க் ஸ்டூடியோவில் பதிவானது. முன்னுரை முடிந்ததும் பேஸ் ஒரு கேள்வி கேட்கும். முதலில் பியானோ, பிறகு ஊதுவாத்தியங்களும் சேர்ந்து, இரண்டே சுரத்தில் பதில் சொல்லும். பெஸ்ஸியும் ஆம்ஸ்ட்ராங்கும் செய்தது இங்கே வார்த்தையில்லாமல் நடக்கிறது.

சுற்று மட்டும் வேறு, 32 பார். முதல் 16 பாருக்கு எடுத்துக்கொண்ட சுரங்கள் கரகரப்பிரியா ராகத்தின் சுரங்களே. கமகத்தைத் தேட வேண்டாம். அடுத்த 8 பாருக்கு அப்படியே அரைச் சுரம் மேலே ஏறி, கடைசி 8-க்கு இறங்கிவிடும். அந்த ஏற்றத்தைக் காது பிடிக்கும்வரை திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

ஐந்தாம் படி: அடுத்தவருக்குச் சொல்வது

நண்பருக்கு நீளமான பட்டியல் அனுப்பாதீர்கள். ஒரு பாட்டு, அதில் எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒரு வரி, அது போதும். அவருக்கு எது பிடித்தது என்று கேட்டுவிட்டு அடுத்ததைக் கொடுங்கள். பெஸ்ஸியின் குரல் என்றால் பில்லி ஹாலிடே 1957-இல் தொலைக்காட்சியில் பாடிய 'ஃபைன் அண்ட் மெல்லோ'. கோல்ட்ரேன் என்றால் அதே ஆண்டின் 'ப்ளூ ட்ரெயின்'. 'ஸோ வாட்' பியானோ என்றால், அதை வாசித்த பில் எவன்ஸ் 1961 ஜூனில் நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் ஜாஸ் கிளப்பில் தன் மூவர் குழுவோடு செய்த பதிவுகள்.