பாசிக்குடாவுக்கு டியூப் கொண்டு போகிறவர்களுக்கு

போன ஞாயிறு மட்டக்களப்புப் பக்கம் பாசிக்குடாக் கடற்கரையில் ஒரு குடும்பம் வான் வண்டியிலிருந்து சாமான் இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இறக்கி முடிக்கவே கால் மணி நேரம் ஆனது. கடைசியாக வந்தது ஒரு லொறி டியூப். அட, பத்து வருடத்துக்கு முன் நான் நின்ற அதே கோலம். தொப்பி, துவாய், மாற்றுடுப்பு எல்லாம் கொண்டு போக உங்களுக்கே தெரியும், அதை விடுகிறேன். வீட்டிலேயே விட்டுப் போகக்கூடியதை மட்டும் சொல்கிறேன்.

காற்றடைத்த டியூப்

பாசிக்குடாவில் கனதூரம் நடந்தாலும் இடுப்பளவுதான் தண்ணீர், பெரிய அலையும் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் டியூப் வருகிறது. ஆனால் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும். கரையோரம் தண்ணீர் அசையாமல் கிடப்பதே அதனால்தான். டியூப்போ தண்ணீருக்கு மேலே மிதப்பது, பாய் விரித்த தோணி மாதிரி இழுபடும்.

மகளுக்கு அப்போது ஆறு வயது. நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மச்சானோடு கதைத்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்த்தால் இருபது முழம் தள்ளி டியூப்பில் இருந்து கையசைக்கிறாள், சிரித்துக்கொண்டு. தண்ணீருக்குள் ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கால் வராது. நெஞ்சளவில்தான் பிடித்தேன். அவளைத் தூக்கிக்கொண்டு டியூப்பை விட்டுவிட்டேன். அது கறுப்புப் புள்ளியாகும்வரை பார்த்துக்கொண்டு நின்றோம். வீடு வரும்வரை மனைவி வாய் திறக்கவில்லை.

இன்றும் எரிச்சல் எதில் என்றால், அன்று காலை முற்றத்துத் தென்னோலைகள் கடல் பக்கம் பறந்ததைப் பார்த்துவிட்டுத்தான் பம்பை எடுத்து வானில் வைத்தேன்.

கரையில் ஒரு பிடி காய்ந்த மணலை மேலிருந்து விடுங்கள். கடல் பக்கம் பறந்தால் டியூப் வானிலேயே இருக்கட்டும். பிள்ளையின் எடைக்கு அளவான லைஃப் ஜாக்கெட் எடுங்கள், கால் பட்டி உள்ளதாக. அதைப் போட்டாலும் கையெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் நிற்கத்தான் வேண்டும்.

குளிர் தண்ணீருக்குப் பெரிய ரெஜிபோம் பெட்டி

இருபது லீட்டர் தண்ணீர் என்றால் இருபது கிலோ. மணலில் அதைத் தூக்கப் போவது நீங்கள்தான். ஆளுக்கொரு போத்தலாகப் பிரியுங்கள். இரவே இரண்டு போத்தலை உறைய வைத்தால் ஐஸ் வாங்கத் தேவையில்லை, உருகியதும் குடிக்கலாம்.

கூடாரம்

வேண்டாம். ஒரு பாய், ஒரு தறப்பாள்.

கடலை விட்டு உன்னிச்சைக் குளத்துக்குப் போவதென்றால் டோர்ச்

டோர்ச் தேவைப்படும் நேரத்துக்கு முன்பே கிளம்பிவிடுங்கள். ஆனை வரும் இடம்.