விண்வெளித் தொலைநோக்கி: தரையிலேயே நடந்துவிடும் தவறுகள்

பெங்களூருக்கு விண்வெளிக் கனவோடு வந்து சேரும் தமிழ்ப் பிள்ளைகளை அடிக்கடி சந்திக்கிறேன். கோரமங்கலாவில் உள்ள இந்திய வானியற்பியல் நிலையத்தில் புராஜெக்ட், சதாசிவநகர் ராமன் ஆய்வு நிலையத்தில் இன்டர்ன்ஷிப் என்று இருப்பார்கள். "எவ்வளவு பெரிய கண்ணாடி வரைக்கும் அனுப்பலாம் சார்?" என்பதுதான் பெரும்பாலும் அவர்களுடைய முதல் கேள்வி. அங்கிருந்து தொடங்குவதே தவறு. வானத்தில் எதைப் பார்க்கப்போகிறோம் என்பது முடிவானால்தான் ஒளியைக் குவிக்கும் கண்ணாடியின் அளவு முடிவாகும். 2015 செப்டம்பர் 28 அன்று ஏவப்பட்ட இந்தியாவின் வானியல் செயற்கைக்கோளான ஆஸ்ட்ரோசாட்டின் புற ஊதாத் தொலைநோக்கிக்கு 38 சென்டிமீட்டர் கண்ணாடிதான். அமெரிக்காவின் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் 2.4 மீட்டரோடு அதை ஒப்பிடவே முடியாது. ஆனால் கிட்டத்தட்ட முழு நிலவின் அகலத்துக்கு வானத்தை அது ஒரே பார்வையில் பிடிக்கும். ஹப்பிளின் பார்வை அதில் ஒரு சிறு மூலைக்குத்தான் காணும். கேள்வி தெளிவாக இருந்ததால் சின்னக் கண்ணாடியே போதுமானதாக இருந்தது.

அடுத்தது, தொழில்நுட்பம் கைக்கு வரும் முன்பே தேதியையும் தொகையையும் அறிவித்துவிடுவது. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியை 1990களில் திட்டமிட்டபோது 50 கோடி டாலர் செலவாகும், 2007இல் ஏவலாம் என்றார்கள். அது 2021 டிசம்பர் 25 அன்று கிளம்பியது. செலவு ஏறக்குறைய 1,000 கோடி டாலர். மைனஸ் 220 டிகிரிக் குளிரிலும் வடிவம் மாறாத பெரிலியம் கண்ணாடி, ஐந்து அடுக்கு வெயில் மறைப்பு என்று பலவற்றைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கண்டுபிடிப்புக்கு யாரால் தேதி குறிக்க முடியும்? தொழில்நுட்பத்தின் பக்குவத்தை 1 முதல் 9 வரை அளப்பார்கள். ஆறாம் படி என்றால், மாதிரிக் கருவி வெற்றிடம், குளிர், அதிர்வு என்று விண்வெளிப் பயணத்தை ஒத்த சூழலில் வேலை செய்து காட்டிவிட்டது என்று பொருள். நான்காம் படியில் இருப்பதை ஆறு என்று நம்பிக் கையெழுத்துப் போடுவதுதான் பின்னால் வரும் தாமதங்களுக்கெல்லாம் விதை. இந்தப் பாடத்தை அமெரிக்கா படித்துக்கொண்டது. உயிர் வாழத்தக்க கோள்களைத் தேடுவதற்கு சுமார் 6 மீட்டர் தொலைநோக்கியைப் பரிந்துரைத்த 2021ஆம் ஆண்டு அறிக்கை, முதலில் தொழில்நுட்பத்தைப் பக்குவப்படுத்துங்கள், கட்டுவதைப் பிறகு முடிவு செய்யலாம் என்றது.

என்னை அதிகம் உறுத்துவது இன்னொரு தவறு. தங்களுக்குப் பிடிக்காத அளவீட்டை ஒதுக்கி வைப்பது. ஹப்பிளின் கண்ணாடியைத் தேய்த்தவர்கள் கைதேர்ந்தவர்கள். அதன் வளைவைச் சோதிக்க 'நல் கரெக்டர்' என்ற ஒளியியல் கருவியைப் பயன்படுத்தினார்கள். அந்தக் கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளி அமைந்துவிட்டது. தராசே பிசகினால் எடை எப்படிச் சரியாக வரும்? கண்ணாடி மிக நேர்த்தியாக, ஆனால் தவறான வடிவத்துக்குத் தேய்க்கப்பட்டது. விளிம்பில் வித்தியாசம் சுமார் 2 மைக்ரான்தான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கு. 1990இல் வந்த படங்கள் மங்கலாக இருக்க அதுவே போதும். வேறு இரண்டு சோதனைகள் இந்தப் பிழையை முன்பே காட்டியிருந்தன என்பதுதான் கொடுமை. அவை துல்லியம் குறைந்தவை என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்ச் சரிசெய்தார்கள். 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஜேம்ஸ் வெப்பிடம் அப்படி யாரும் போக முடியாது. ஆகவே முக்கியமான எந்த அளவையும் ஒன்றையொன்று சாராத இரண்டு வழிகளில் எடுங்கள். இரண்டுக்கும் இடையே எவ்வளவு வேறுபாட்டை ஏற்பீர்கள் என்பதை அளப்பதற்கு முன்பே எழுதி வையுங்கள். அளந்த பிறகு எழுதினால் மனசு தனக்குச் சாதகமான எண்ணைத்தான் போடும்.

சுத்தம் கடைசிக் கட்டத்து வேலை என்று நினைப்பவர்களும் உண்டு. பசை, கேபிள் உறை, பெயின்ட் எல்லாமே வெற்றிடத்தில் ஆவி விடும். அந்த ஆவி கண்ணாடியில் மெல்லிய படலமாகப் படிந்தால் போதும், புற ஊதா ஒளியை விழுங்கிவிடும். ஆஸ்ட்ரோசாட்டின் புற ஊதாத் தொலைநோக்கியை பெங்களூருக்கு அருகே ஹொசகோட்டையில் உள்ள, தூசி புகாத கிளீன் ரூமில் வைத்துப் பொருத்திச் சேர்த்தார்கள். ஏவிய பிறகும் தொலைநோக்கியின் கதவைத் திறக்காமல் இரண்டு மாதம் காத்திருந்தார்கள். எந்தப் பசை என்று தேர்ந்தெடுக்கும் முதல் நாளிலேயே சுத்தம் தொடங்குகிறது.

ஒளியைப் பதிவுசெய்யும் டிடெக்டருக்குக் காட்டும் அக்கறையைக் கட்டளை மென்பொருளுக்குக் காட்டாததும் ஆபத்து. ஜப்பானின் ஹிட்டோமி எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி 2016 பிப்ரவரியில் ஏறி, மார்ச் 26 அன்று அழிந்தது. விண்கலம் சுழலாதபோதே சுழல்வதாக அதன் கட்டுப்பாட்டு அமைப்பு கணக்குக் காட்டியது. அதைத் திருத்தப்போய் கலம் நிஜமாகவே சுழலத் தொடங்கியது. போதிய சோதனை இல்லாமல் அனுப்பிய, உந்துபொறிகளை இயக்கும் கட்டளை எண்கள் சுழற்சியை இன்னும் வேகமாக்கின. கலம் பிய்ந்துபோனது.

அதன் வாரிசாக 2023இல் சென்ற கிரிஸ்ம் தொலைநோக்கியில், முக்கியக் கருவியின் கதவு திறக்கவே இல்லை. ஆனால் அந்தக் கதவில் மெல்லிய பெரிலியம் சன்னல் வைத்திருந்தார்கள். அதனால் குறைந்த ஆற்றல் கதிர்கள் மட்டும் கிடைக்காமல் போயின, மற்றவற்றைக் கொண்டு ஆய்வு நடந்து வருகிறது. ஆஸ்ட்ரோசாட்டிலும் அப்படித்தான். 2018இல் ஒரு புற ஊதா டிடெக்டர் நின்றபோது, தனித் தொலைநோக்கியில் இருந்த மற்றொன்று தொடர்ந்து வேலை செய்தது. இந்திய வானியற்பியல் நிலையம் ஒரு மீட்டர் கண்ணாடியோடு இன்சிஸ்ட் என்ற தொலைநோக்கியை முன்மொழிந்திருக்கிறது. அதைப் போன்ற ஒன்றுக்கு நாளை நீங்கள் கருவி வடிவமைத்தால், அசையும் உறுப்பு ஒவ்வொன்றையும் பட்டியலிடுங்கள். பக்கத்திலேயே, அது அசையாமல் போனால் எந்த ஆய்வு மிஞ்சும் என்று எழுதுங்கள். எதுவும் மிஞ்சாது என்ற பதில் எங்கே வருகிறதோ, வரைபடத்தை அந்த இடத்தில் மாற்றுங்கள்.